உடலுக்குள் ஒரு பட்டுச் சாரம்

புது வீடு எழும்பும் வளவொன்றைக் கடந்து செல்லும்போது நம் கண்ணில் முதலிற் படுவது அதன் சுவரைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும் சாரமேயாகும். மூங்கிற் கழிகளையும் கமுகந் தடிகளையும் கயிற்றினாற் பிணைத்துக் கட்டிய அச் சாரத்தில் ஏறி நின்றே மேசன்மார் கல் அடுக்குகின்றனர், சாந்து பூசுகின்றனர். சுவர் உலர்ந்து உறுதி பெற்றதும் சாரத்தை அவிழ்த்துவிடுகின்றனர். குடிபுகும் நாளில் அதனை நினைப்பார் ஒருவருமிலர். காலத்துக்கு முன்னரே அவிழ்த்தாற் சுவர் சரியும். அவிழ்க்காமலே விட்டால் யன்னலைத் திறக்கவும் இயலாது. வேண்டும் வரையிலும் தாங்கி, வேண்டாதபோது விலகிக் கொள்வதே சாரத்துக்கு அழகு.

இத்தகைய சாரமொன்றை மனித உடலுக்குள்ளேயே கட்டும் முயற்சியில் இன்றைய வைத்திய விஞ்ஞானம் ஈடுபட்டிருக்கிறது. உடலின் சிதைந்த பகுதியை மீண்டும் வளர்த்தெடுக்க முனையும் இத் துறைக்கு இழையப் பொறியியல் என்று பெயர். அங்கே சாரம் கட்டுவதற்கு விஞ்ஞானிகள் நாடிய பொருள்களுள் ஒன்று, நம் வீட்டுப் பெட்டகத்தில் அம்மாவின் கூறைச்சேலையாக மடித்து வைக்கப்பட்டிருக்கும் அதே பட்டு என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். ஒரு புழுவின் வாயிலிருந்து வரும் இழை எவ்வாறு முழங்காலுக்கும் மூளைக்கும் சாரமாக முடியும் என்பதை இக் கட்டுரையிற் சிறிது விரிவாகக் காண்போம்.

தானாக ஆறாத காயங்கள்

விரலிற் பட்ட கத்திக் காயம் சில நாட்களில் ஆறிவிடுகிறது. முறிந்த கையென்பு சில வாரங்களிற் பொருந்திவிடுகிறது. தன்னைத் தானே செப்பனிட்டுக் கொள்ளும் இந்த ஆற்றலை நாம் சாதாரணமாக எண்ணிவிடுகிறோம். ஆனால், உடலின் எல்லாப் பகுதிகளுக்கும் இவ்வரம் சமமாகக் கிட்டவில்லை. மூட்டுகளில் என்பின் நுனியை மூடியிருக்கும் கசியிழையத்தினுள் குருதிக் குழாய்கள் இல்லை. ஆகவே அது தேய்ந்தால் மீண்டும் வளர்வது அரிது. ஆழமாக எரிந்த தோல் தானாக முழுமை பெறுவதில்லை. மூளையும் முண்ணாணும் அடிபட்டால் இழந்ததை மீட்பது மிக மிகக் கடினம்.

முழங்காலை எடுத்துக்கொள்வோம். தொடையென்பையும் கணைக்கால் என்பையும் முழங்காலின் நடுவில் ஒன்றோடொன்று பிணைப்பவை குறுக்காக ஓடும் இரண்டு நார்கள். அவற்றுள் முன்னுள்ள நாரே பெரும்பாலும் அறுந்துபோவது. உதைபந்தாட்டக்காரர் ஒருவர் ஓடிவந்த வேகத்திற் சட்டெனத் திரும்பும்போதும், வலைப்பந்தாட்டத்தில் ஒரு மாணவி உயரத் துள்ளிக் கால் பிசகி நிலத்தில் ஊன்றும்போதும் இது நேர்கிறது. ஏனைய காயங்களில் குருதி உறைந்து, அறுந்த இரு முனைகளுக்கும் இடையே பாலம்போல் அமையும்; அப்பாலத்தின் வழியே புதிய இழையம் வளரும். மூட்டின் நடுவிலோ நீர் சூழ்ந்திருப்பதால் அந்தப் பாலம் நிலைப்பதில்லை. எனவே அறுந்த நார் அறுந்தபடியே கிடக்கிறது.

இதற்கு இன்று பெரிதும் கையாளப்படும் வழி, நோயாளியின் முழங்காற் சில்லின் கீழிருந்தோ தொடையின் பின்புறத்திலிருந்தோ வேறொரு நாரை வெட்டியெடுத்து இவ்விடத்திற் பொருத்துவதாகும். சிகிச்சை பலன் தருகிறது. பலர் மீண்டும் விளையாடவும் செய்கின்றனர். எனினும் ஒரு சுவரின் ஓட்டையை அடைப்பதற்கு மற்றொரு சுவரிற் கல் பெயர்ப்பது போன்றதே இது. நல்ல நிலையிலிருந்த ஓரிடத்திற் புதிய காயம் உண்டாகிறது. அறுந்த நாரையே மீண்டும் வளர்க்க முடியாதா என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

கலங்களுக்கு ஒரு வீடு

நம் உடல் கோடானுகோடி கலங்களால் ஆனது. ஆனால் கலங்களை மட்டும் ஊசியால் ஏற்றிவிட்டால் அவை நாராகவோ என்பாகவோ உருப்பெறுவதில்லை. செங்கல்லை வண்டியிற் கொண்டுவந்து கொட்டினால் வீடாகிவிடுமா? கலங்கள் பற்றிக்கொள்ளவும், பரவவும், தமக்கேற்ற உருவில் அடுக்கிக்கொள்ளவும் ஓர் அமைப்பு வேண்டும். அந்த அமைப்பே சாரம்.

இத்துறையின் முன்னோடி முயற்சியொன்று தீக்காயத்திலிருந்து தொடங்கிற்று. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஜோன் பேர்க் என்னும் சத்திரசிகிச்சை நிபுணரும் அயோனிஸ் யானஸ் என்னும் விஞ்ஞானியும், மாட்டுத் தோலிலிருந்து பெற்ற கொலாஜன் என்ற புரதத்தோடு சுறாமீனின் கசியிழையத்திலிருந்து பெற்ற பொருளொன்றைச் சேர்த்துச் செயற்கைத் தோலொன்றை ஆக்கினர். கடுமையாக எரிந்த உடலின்மீது அதனைப் போர்த்தபோது, நோயாளியின் கலங்களே அதனுள் நுழைந்து புதிய அடித்தோலைக் கட்டின. 1981 ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று.

1993 ஆம் ஆண்டில் ரொபேர்ட் லாங்கர், ஜோசெப் வகான்ரி என்னும் இருவர் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரை இத்துறையின் அடிப்படைகளை உலகறியச் செய்தது. வகான்ரி குழந்தைகளுக்கு ஈரல் மாற்றுச் சிகிச்சை செய்தவர். தானமாகக் கிடைக்கும் ஈரல்கள் போதாமையைக் கண்ணாரக் கண்டதே உறுப்பை வளர்க்கலாமா என்று அவரை எண்ணத் தூண்டிற்று. 1997 ஆம் ஆண்டில், முதுகில் மனிதக் காதின் வடிவத்தைத் தாங்கிய எலியொன்றின் படம் உலகப் பத்திரிகைகளிற் பேசப்பட்டதைச் சில வாசகர்கள் நினைவுகூரலாம். அது மரபணுவை மாற்றி உண்டாக்கிய விந்தையன்று. கரையக்கூடிய செயற்கைப் பொருளைக் காதின் வடிவில் அமைத்து, அதில் மாட்டின் கசியிழையக் கலங்களை இட்டு, எலியின் தோலின்கீழ் வைத்து வளர்த்தனர். சாரம் கரைந்தது; கசியிழையம் நின்றது.

அத்தகைய செயற்கைப் பொருள்களுக்கு ஒரு குறையுண்டு. அவற்றுட் சில, சில வாரங்களிலேயே வலிமை இழந்துவிடுகின்றன. கரையும்போது அமிலத்தை வெளிவிடுவதால் சுற்றியுள்ள இழையத்தில் அழற்சி ஏற்படுவதும் உண்டு. கொலாஜனோ கலங்களுக்கு மிக உகந்தது. ஆனால் பெரும் இழுவையைத் தாங்கும் வலிமை அதனாற் செய்த சாரத்துக்குக் குறைவு. வலிமையும் வேண்டும், உடலுக்கு இணக்கமும் வேண்டும், மெல்ல மெல்ல விலகும் பண்பும் வேண்டும். இம்மூன்றையும் தேடிய விஞ்ஞானிகளின் பார்வை ஒரு சிறு புழுவின் மீது விழுந்தது.

இலையை இழையாக்கும் ஆலை

முசுக்கட்டை இலையைத் தின்று வளரும் பட்டுப்புழு, முட்டையிலிருந்து வெளிவந்து ஏறக்குறைய நான்கு வாரங்களில் நான்கு முறை சட்டை கழற்றுகிறது. பின்னர் உண்பதை நிறுத்தித் தலையை எட்டு என்னும் இலக்கத்தின் வடிவில் அசைத்து அசைத்து, மூன்று நாள் அளவில் தன்னைச் சுற்றி ஒரு கூட்டைக் கட்டிக்கொள்கிறது. அக் கூடு முழுவதும் அறுபடாத ஒரே இழை. அதன் நீளம் 600 முதல் 1500 மீற்றர் வரை இருக்கும். ஊர்ப் பாடசாலை மைதானத்தை இரண்டு மூன்று முறை சுற்றிவரப் போதுமான நீளம், கட்டைவிரல் அளவுள்ள ஒரு கூட்டினுள் அடங்கிக் கிடக்கிறது!

அவ்விழையைப் பெரிதாக்கிப் பார்த்தால், இரு மெல்லிய நார்கள் ஒட்டிக் கிடப்பது தெரியும். ஒவ்வொன்றின் தடிப்பும் ஒரு மில்லிமீற்றரை நூறு பங்காக்கினால் வரும் ஒரு பங்கு அளவே. அந்நார்கள் பைபுரோயின் என்ற புரதத்தால் ஆனவை. அவற்றை ஒட்டிவைத்திருக்கும் பசை செரிசின் என்னும் வேறொரு புரதம். கூட்டின் நிறையில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை இப்பசையே.

பைபுரோயினின் வலிமை எங்கிருந்து வருகிறது? புரதங்கள் யாவும் அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த மாலைகள். பைபுரோயினின் பெருமாலையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மணிகள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை கிளைசீன், அலனீன், செரீன் என்னும் மூன்று சிறு மணிகளே. அவையும் ஒரே ஒழுங்கில் மீண்டும் மீண்டும் வருகின்றன. சிறு மணிகள் ஆதலால் மாலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிப் படிந்து, அடுக்கிவைத்த ஓலைகள்போல் இறுகிவிடுகின்றன. இறுகிய இவ்வடுக்குகள் இழைக்கு உறுதியைத் தருகின்றன. இடையிடையே இறுகாமல் நெகிழ்ந்து கிடக்கும் பகுதிகள் இழுபட்டுக் கொடுக்கும் தன்மையைத் தருகின்றன. உறுதியும் நெகிழ்வும் ஒருங்கே அமைந்தமையாலேயே பட்டு எளிதில் அறுவதில்லை. புழு இதனை உலையோ அமுக்கப் பொறியோ இல்லாமல், இலையையும் நீரையும் கொண்டு சாதாரண வெப்பநிலையிலேயே செய்து முடிக்கிறது.

பழைய நண்பனுக்கு வந்த பழி

பட்டு மனித உடலினுள் புகுவது புதிதன்று. சத்திரசிகிச்சையிற் காயத்தைத் தைப்பதற்குப் பட்டு நூல் நெடுங்காலமாகவே பயன்பட்டு வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆட்டுக்குடலிற் செய்த நூலை விடப் பட்டே நலமென்று கண்டு அதனைப் பரப்பியவர் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிலிருந்த தியோடர் கொக்கர். அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்ரெட் என்னும் நிபுணரும் மெல்லிய பட்டு நூலையே விரும்பிக் கையாண்டார்.

எனினும் சில நோயாளிகளிற் பட்டு நூல் தைத்த இடம் சிவந்து வீங்கிற்று. உடல் அதனை ஏற்க மறுத்தது. பழி பட்டின்மீது விழுந்தது. கரையக்கூடிய செயற்கை நூல்கள் வந்ததும் பட்டின் மதிப்பு மேலும் குறைந்தது. பின்னர் நுணுகி ஆராய்ந்தபோதுதான் குற்றவாளி பெரும்பாலும் பட்டு நாரன்று, அதன்மேலிருந்த செரிசின் பசையே என்பது தெளிவாயிற்று. பசையை முற்றாக நீக்கிய பைபுரோயினை உடலின் காவற் கலங்கள் பெரிதும் பொறுத்துக் கொள்கின்றன.

மற்றொரு தவறான எண்ணமும் இருந்தது. பட்டு கரையாது என்றே நூல்களில் வகுத்திருந்தனர். அமெரிக்க மருந்து நியமத்தின்படி, உடலினுள் 60 நாட்களுக்கு மேல் தன் வலிமையைக் காத்துநிற்கும் நூல் கரையாத நூல் எனக் கொள்ளப்படும். அந்த அளவுகோலின்படி பட்டு கரையாதது. உண்மையிலோ உடலினுள் இருக்கும் பட்டு நூல் ஓராண்டுக்குள் தன் வலிமையின் பெரும்பகுதியை இழக்கிறது. இரண்டாண்டுகளின்பின் தேடினாற் பெரும்பாலும் அகப்படுவதில்லை. உடலின் நொதியங்கள் அதனைச் சிறுகச் சிறுக வெட்டி அமினோ அமிலங்களாக்கி உட்கொண்டுவிடுகின்றன. தையல் நூலுக்குக் குறையாகத் தோன்றிய இம்மெதுவான மறைவே, சாரத்துக்கு அருங்குணமாக அமைந்தது.

உப்பும் பட்டும்

பட்டைச் சாரமாக்கும் கலையைப் பெரிதும் வளர்த்தவர்களுள் முதன்மையானவர், பொஸ்ரன் நகருக்கு அண்மையிலுள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டேவிட் கப்லானும் அவர் குழுவினருமாவர். அவர்கள் ஆய்வுகூடத்தில் நடைபெறும் வேலையை நம் வீட்டு அடுக்களையிலிருந்தே ஓரளவு விளங்கிக்கொள்ளலாம்.

முதலில் பட்டுக்கூடுகளைத் துண்டாக்கி, சோடியங்காபனேற்று கலந்த நீரில் அரைமணி நேரம் கொதிக்க வைக்கின்றனர். இது நாம் அறிந்த சலவைச் சோடாவேயாகும். செரிசின் பசை கரைந்து நீரோடு போய்விட, பஞ்சுபோன்ற வெண்ணிறப் பைபுரோயின் எஞ்சுகிறது. அதனை உலர்த்தி, இலிதியம் புரோமைட்டு என்னும் உப்பின் செறிந்த கரைசலில் இட்டு, 60 பாகை வெப்பத்திற் சில மணி நேரம் வைத்தால் நார்கள் கரைந்துவிடுகின்றன. பின்னர் நுண்துளைகள் கொண்ட சவ்வுப் பையில் அதனை ஊற்றி, நீரில் இரண்டு நாள் அளவில் ஊறவிட்டால், இலிதியம் புரோமைட்டு வெளியேறிவிடும். பையில் எஞ்சுவது தூய பட்டு நீர். புழு தன் வயிற்றினுள் வைத்திருந்த நிலைக்கே பட்டு மீண்டும் வந்துவிடுகிறது!

இப் பட்டு நீரைத் தகட்டில் ஊற்றி உலர்த்தினாற் கண்ணாடிபோன்ற மென்படலம் கிடைக்கும். மின்விசையால் இழுத்தாற் சிலந்தி வலையிலும் நுண்ணிய நாராகும். அச்சிலிட்டு இறுக்கினால் திருகாணியும் ஆகும். அத்தகைய பட்டுத் திருகாணிகள் எலிகளின் கால் என்பிற் செலுத்தப்பட்டு, 2014 ஆம் ஆண்டில் அம்முடிவு வெளியாயிற்று. எல்லாவற்றிலும் எளிமையானதும் அழகானதும் பட்டுப் பஞ்சு செய்யும் முறையே. பட்டு நீரில், அரை மில்லிமீற்றர் அளவுள்ள உப்புப் பரல்களைத் தூவி ஓரிரு நாள் அசையாமல் வைக்கின்றனர். பட்டு உப்பைச் சுற்றி இறுகுகிறது. பின்னர் அதனை நீரில் இட்டால் உப்புக் கரைந்தோட, உப்பு இருந்த இடமெல்லாம் துளையாகிறது. ஆப்பத்தின் நடுப்பகுதியைப் போன்று துளைகள் நிறைந்த பஞ்சொன்று கைக்கு வருகிறது. பெரிய பரலிட்டாற் பெரிய துளை. சிறிய பரலிட்டாற் சிறிய துளை. இத்துளைகளே கலங்களுக்கு அறைகள்.

சாரத்தின் ஆயுளையும் இவ்வாறே விஞ்ஞானி நிர்ணயிக்கலாம் என்பதுதான் பட்டின் தனிச் சிறப்பு. கப்லானின் குழுவினர் இரு வகையான பட்டுப் பஞ்சுகளை எலிகளின் தோலின்கீழ் வைத்து ஆராய்ந்து, 2008 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நீரைக் கொண்டு செய்த பஞ்சு இரண்டு முதல் ஆறு மாதங்களுக்குள் மறைந்துபோயிற்று. வேறோர் இரசாயனக் கரைப்பானைக் கொண்டு செய்த பஞ்சோ ஓராண்டுக்குப் பின்னரும் எஞ்சியிருந்தது. இரண்டும் ஒரே புழுவின் பட்டு; செய்முறை மட்டுமே வேறு. தோல் விரைவில் வளர்வது; என்பு ஆறுதலாக வளர்வது. எந்தச் சுவருக்கு எத்தனை மாதம் சாரம் நிற்க வேண்டுமோ அத்தனை மாதம் நிற்குமாறு அதனை ஆக்கலாம் என்ற நம்பிக்கையை இவ்வாராய்ச்சி தந்தது.

மற்றோர் உண்மையும் குறிப்பிடத்தக்கது. கலங்கள் ஒரு பொருளைப் பற்றிக்கொள்வதற்கு, ஆர்ஜினீன், கிளைசீன், அஸ்பார்ற்றிக் அமிலம் என்னும் மூன்று மணிகள் அடுத்தடுத்து வரும் இடம் கைப்பிடியாக உதவுகிறது. முசுக்கட்டைப் பட்டில் அக்கைப்பிடி இல்லை. அதனை இரசாயன முறையிற் சேர்க்க வேண்டியிருக்கிறது. இந்தியக் காடுகளில் விளையும் தசர் போன்ற காட்டுப் பட்டில் அது இயற்கையாகவே அமைந்துள்ளது. ஆகவே கரக்பூரிலும் குவாகாத்தியிலுமுள்ள இந்தியத் தொழினுட்ப நிறுவகங்களின் ஆராய்ச்சியாளர்கள் காட்டுப் பட்டின்மீது தனிக் கருத்துச் செலுத்தியுள்ளனர்.

கயிறு திரித்த கதை

இனி முழங்காலுக்கு வருவோம். இளவயதினர் ஒருவரின் முன்குறுக்கு நாரை அறுக்க 2160 நியூற்றன் விசை வேண்டுமென அளவிட்டிருக்கின்றனர். ஏறக்குறைய 220 கிலோகிராம் பாரத்தைத் தொங்கவிடுவதற்கு இது சமம். 2002 ஆம் ஆண்டில் கிரெகரி ஓல்ற்மன், கப்லான் முதலியோர், பசை நீக்கிய பட்டு இழைகளைக் கயிறு திரிப்பதுபோல் இழையோடு இழையும், புரியோடு புரியும் முறுக்கி ஒரு நாரை ஆக்கினர். அது 2337 நியூற்றன் விசையைத் தாங்கிற்று. இயற்கை நாருக்குச் சற்று மேல். மனிதனின் என்பு மச்சையிலிருந்து பெற்ற மூலக் கலங்களை அதன்மேல் இட்டபோது, அவை அக்கயிற்றைப் பற்றிப் பரவி வளர்ந்தன.

அதே ஆண்டில் அக்குழுவினர் வெளியிட்ட வேறோர் ஆய்வு நம்மைச் சிந்திக்க வைப்பது. மூலக் கலங்களைக் கொலாஜன் கூழில் இட்டு, அதனை ஒரு பொறியிற் பொருத்தி, நிமிடத்துக்கு ஒருமுறை மெல்ல இழுத்தும் முறுக்கியும் 21 நாட்கள் வைத்திருந்தனர். நாராக மாறச் செய்யும் தனி மருந்தொன்றும் இடப்படவில்லை. எனினும் அக்கலங்கள் நாரின் கலங்களுக்குரிய பண்புகளைப் பெறத் தொடங்கின. இழுபடுவதும் முறுக்குப்படுவதுமே அவற்றுக்குக் கல்வியாயிற்று. இன்னது ஆக வேண்டும் என்பதைக் கலம் தன் சூழலிலிருந்து கற்றுக்கொள்கிறது என்பதையும், சாரம் அதற்குப் பள்ளிக்கூடமாகவும் அமைகிறது என்பதையும் இதனால் அறிகிறோம்.

மூளைக்கும் இப் பட்டுச் சாரம் பயன்பட்டது. 2014 ஆம் ஆண்டில் டஃப்ட்ஸ் விஞ்ஞானிகள் உளுந்து வடையைப் போல் நடுவில் துளையுள்ள பட்டுப் பஞ்சொன்றைச் செய்து, அதில் எலியின் நரம்புக் கலங்களை இட்டு, கொலாஜன் கூழால் நிரப்பினர். கலங்கள் பஞ்சிற் குடியேறின. அவற்றின் நீண்ட இழைகள் நடுவிலிருந்த கூழினூடே ஒன்றையொன்று நாடி ஓடின. இரண்டு மாதங்களுக்கு மேல் அந்த இழையம் உயிரோடிருந்தது. ஒரு பாரத்தை அதன்மேல் விழச் செய்தபோது, தலையில் அடிபட்ட மூளையிற் காணப்படும் இரசாயன மாற்றங்களை ஒத்தவை அதிலும் தோன்றின. இது எவருடைய தலைக்குள்ளும் வைப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. அடிபட்ட மூளையில் நொடிக்கு நொடி நிகழ்வதை அறிவதற்கான ஒரு சாளரம்.

அவசரம் தந்த பாடம்

இவற்றையெல்லாம் வாசித்ததும், உறுப்பை இழந்தவருக்கெல்லாம் நாளையே புது உறுப்புக் கிடைத்துவிடும் என்று எண்ணுதல் கூடாது. அவ்வாறு எண்ணியதால் விளைந்த துயரமொன்றை இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

2011, 2012 ஆம் ஆண்டுகளில் சுவீடனின் தலைநகரான ஸ்ரொக்கோமில் மூன்று நோயாளிகளுக்குப் பிளாஸ்ரிக்கினாற் செய்த மூச்சுக்குழாய் பொருத்தப்பட்டது. நோயாளியின் மூலக் கலங்களை அதன்மேல் இட்டால் அவை வளர்ந்து அக்குழாயை உயிருள்ளதாக்கிவிடும் என்று சொல்லப்பட்டது. உலகம் வியந்தது, பத்திரிகைகள் புகழ்ந்தன. ஆனால் விலங்குகளிற் போதிய பரிசோதனை நடைபெற்றிருக்கவில்லை. கலங்கள் சொன்னபடி வளரவில்லை. அம்மூவரும் பின்னர் உயிரிழந்தனர். சிகிச்சை செய்த நிபுணருக்கு 2023 ஆம் ஆண்டில் மேல் நீதிமன்றம் இரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அங்கே பயன்பட்டது பட்டன்று. ஆயினும் சாரம் கட்டும் எவரும் மறக்கலாகாத பாடம் அது. சுவர் எழும்பும் என்ற உறுதி கிட்டுமுன் குடிபுகச் சொன்னால், இடிபாட்டில் அகப்படுவது நம்பி வந்தவரே.

நேர்மையாக முயன்றவர்களுக்கும் தோல்வி நேர்ந்ததுண்டு. 2006 ஆம் ஆண்டில் அந்தனி அற்றாலா என்னும் அமெரிக்க நிபுணர், கொலாஜன் சாரத்தில் வளர்த்த சிறுநீர்ப்பை இழையத்தை 4 முதல் 19 வயது வரையுள்ள ஏழு பேருக்குப் பொருத்திய செய்தி பெரும் நம்பிக்கை ஊட்டிற்று. 2014 ஆம் ஆண்டில் வெளிவந்த பிறிதொரு பரிசோதனையில், அவ்வகைச் சிகிச்சை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. அதனையும் மறைக்காமல் வெளியிட்டனர். விஞ்ஞானம் முன்செல்வது இவ்வழியாகத்தான்.

பட்டின் நிலை இன்று என்ன? பசை நீக்கிய பட்டு நூலாற் பின்னிய வலையொன்றைச் சத்திரசிகிச்சையில் நலிந்த இழையத்துக்குத் துணையாக வைப்பதற்கு 2008 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அனுமதி வழங்கிற்று. துளைபட்ட செவிப்பறையை மூடும் பட்டுப் படலத்தை அவுஸ்திரேலியாவின் பேர்த் நகர ஆராய்ச்சியாளர்கள் ஆக்கியுள்ளனர். முழங்கால் நாரைப் பொறுத்தவரை, பட்டுக் கயிறு ஆடுகளிற் சோதிக்கப்பட்டது. எனினும் வைத்தியசாலைகளின் அன்றாட சிகிச்சையாக அது இன்னும் ஆகவில்லை. பொஸ்ரன் சிறுவர் வைத்தியசாலையின் மார்த்தா மறே, மாட்டின் கொலாஜனாற் செய்த சிறு பஞ்சினை நோயாளியின் குருதியில் தோய்த்து, அறுந்த முனைகளுக்கிடையே பாலமாக வைத்து அந்நாரையே கூடச் செய்யும் முறையை வகுத்தார். 2020 ஆம் ஆண்டில் அதற்கு அனுமதி கிடைத்தது. பட்டு ஓட்டத்தில் முந்தாவிட்டாலும், நாரை வளர்க்கலாம் என்ற எண்ணம் வென்றது.

பெருந்தடை ஒன்று இன்னும் நிற்கிறது. குருதிக் குழாயிலிருந்து ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு தூரத்துக்கு அப்பாலுள்ள கலத்துக்கு ஒட்சிசன் போதிய அளவு சென்று சேர்வதில்லை. ஆகவே மெல்லிய தோலையும் படலத்தையும் வளர்ப்பது ஓரளவு எளிது. கைப்பிடி அளவான ஈரலை வளர்க்க வேண்டுமாயின் அதனுள் குருதிக் குழாய்களின் வலைப்பின்னலையும் கூடவே வளர்க்க வேண்டும். வீடு கட்டியாயிற்று, ஆனால் நீர்க்குழாய் பொருத்தவில்லை என்பது போன்ற நிலை இது. இத்தடையைத் தாண்டப் போகிறவர்கள் இன்று பாடசாலையில் உயிரியலும் இரசாயனவியலும் கற்கும் மாணவர்களாக இருக்கலாம்.

புழுவுக்கு ஒரு நன்றி

பட்டைப் பற்றிப் பேசும்போது மனத்தை உறுத்தும் ஒன்றையும் நாம் மறக்கக்கூடாது. சேலைக்கு அறுபடாத இழை வேண்டும். கூட்டினுள்ளிருக்கும் உயிர் பூச்சியாகித் துளைத்து வெளியேறினால் இழை அறுந்துவிடும். ஆதலால் அதற்குமுன் அதனை வெப்பத்தில் மாய்த்துவிடுகின்றனர். கரைத்துச் செய்யும் சாரத்துக்கோ முழு இழை வேண்டியதில்லை. துண்டான கூடும் போதும். பூச்சி துளைத்துச் சென்ற கூட்டையும் இவ்வேலைக்குக் கொள்ளலாமன்றோ? அவ்வழி பெருகுமாயின், ஓர் உயிரை மாய்க்காமலே மற்றோர் உயிருக்கு உதவலாம்.

புழு கூட்டைக் கட்டுவது தான் என்றும் அதில் வாழ்வதற்கன்று. உருமாறும் காலம் வரைக்கும் தன்னைக் காத்துக்கொள்வதற்கே. சிறகு முளைத்ததும் கூட்டைத் துறந்து புறப்பட்டுவிடுகிறது. மனிதனின் முழங்காலில் வைக்கும் பட்டுச் சாரத்துக்கும் அதுவே வேலை. நாளை ஒருநாள் முழங்கால் அறுந்த மாணவியொருத்தி மீண்டும் வலைப்பந்தாட்ட மைதானத்தில் துள்ளிக் குதிக்கும்போது, அவள் காலினுள் பட்டு இராது. அது எப்பொழுதோ கரைந்து போயிருக்கும். அங்கே நிற்பது அவளுடைய சொந்த நாராகவே இருக்கும்.